பழங்கால விலங்குகளை ஃபேன்டஸி விளையாட்டுக்குள் கொண்டுவருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ரோல்பிளே விளையாட்டை நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். அழிந்துபோன விலங்குகள் மேல் எனக்குத் தீராத ஆசை. கதையை நடத்தும் கேம் மாஸ்டராக உட்காரும்போதெல்லாம் ஒன்றிரண்டையாவது கதைக்குள் கொண்டுவந்துவிடுவேன். அதைப் பார்த்துவிட்டு மற்ற கேம் மாஸ்டர்கள் கேட்ட கேள்விகளும், நான் சொன்ன பதில்களும் இவை. எந்த விதிப் புத்தகத்தை வைத்து ஆடினாலும் பொருந்தும். 20 பக்கப் பகடை, உயிர்ப்புள்ளி (எவ்வளவு சேதம் தாங்கும் என்ற எண்), கவச எண் (அடிப்பது எவ்வளவு கடினம் என்ற எண்), சுற்று (எல்லோரும் ஒரு முறை ஆடி முடிப்பது) என்றால் என்னவென்று தெரிந்தால் போதும்.

டைனோசர் என்றாலே எல்லோருக்கும் பயம்தானே? அப்படியே இறக்கிவிட்டால் போதாதா?

போதாது. "மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு டைரனோசாரஸ் வருகிறது" என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் எல்லோர் மனதிலும் ஒரே படம் வந்துவிடும். பெரிய தலை, சின்னக் கை, கர்ஜனை. அதன் பலம் என்ன, எப்படி அடிக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். தெரிந்த விலங்கைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. அதற்குத் தயாராகிறார்கள், அவ்வளவுதான்.

இந்த விளையாட்டு பிறந்த காலத்தில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. 1974-இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ், 'வரலாற்றுக்கு முந்தைய விலங்குகள்' என்ற பெயரில் விற்ற ஹாங்காங் பிளாஸ்டிக் பொம்மைப் பை ஒன்றை வாங்கினார். உள்ளே இருந்த உருவங்களில் சில எந்த விலங்கின் சாயலிலும் இல்லை. அவற்றை மேசையில் வைத்து, இது இரும்பைத் துருப்பிடிக்க வைத்துத் தின்னும், இது மண்ணுக்கடியில் நீந்தி வரும் என்று அவரும் நண்பர்களும் ஆளுக்கொரு குணம் கொடுத்தார்கள். ஐம்பது வருடமாகியும் அந்த மிருகங்கள் விளையாட்டில் உயிரோடு இருக்கின்றன. ஆடுபவர்களுக்கு அவற்றைப் பற்றி முன்கூட்டியே எதுவும் தெரியாது என்பதுதான் அவற்றின் பலம். நம்மிடம் இருப்பதோ உண்மையான எலும்புகள். அவற்றிலும் அதே அளவு புதுமை இருக்கிறது. தேடி எடுக்க வேண்டும்.

சரி, ஒரு விலங்கைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். முதல் வேலை என்ன?

எண்களைத் தொடாதீர்கள். "இது எதைச் செய்து வயிறு வளர்த்தது?" என்று மட்டும் கேளுங்கள். பதிலிலிருந்து ஒரே ஒரு உண்மையை எடுத்து, அதை மேசையில் ஆடக்கூடிய ஒரே ஒரு விதியாக மாற்றுங்கள். இந்தப் பக்கத்தில் மற்றவை எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளம்புபவைதான்.

ஒரு உதாரணம். 1971-இல் மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் இரண்டு எலும்புக்கூடுகள் ஒன்றையொன்று பிடித்தபடி கிடைத்தன. ஒன்று வெலாசிராப்டர், இன்னொன்று பன்றி அளவுள்ள புரோட்டோசெராடாப்ஸ் என்ற தாவர உண்ணி. வெலாசிராப்டரின் கால் நகம் மற்றதன் கழுத்துப் பக்கம் பதிந்திருக்கிறது. அதன் வலது முன்கையோ தாவர உண்ணியின் அலகில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டும் விடவில்லை. அப்படியே மணல் மூடிவிட்டது. கோடிக்கணக்கான வருடங்களாக அந்தச் சண்டை முடியாமல் நிற்கிறது.

இதை எப்படி விதியாக மாற்றுவது? நகத்தால் 6 புள்ளி சேதம், பல்லால் 4 புள்ளி சேதம் என்று எழுதினால் அது எந்த ஓநாய்க்கும் பொருந்தும். அந்தப் படிமம் சொல்வது வேறு. இந்த விலங்கு பாய்ந்து வெட்டிவிட்டு விலகவில்லை; பிடித்துக்கொண்டது. ஆகவே விதி இது: முதல் அடி பட்டால் வெலாசிராப்டர் அந்த வீரர் மேல் தொற்றிக்கொள்ளும். அதற்கப்புறம் அதன் அடி தவறவே தவறாது. ஆனால் தொற்றியிருக்கும்வரை அதனாலும் தப்ப முடியாது. அதை அடிப்பவர்களுக்கும் அடி சுலபமாகப் படும். இப்போது மேசையில் ஒரு உண்மையான முடிவு பிறக்கிறது. நண்பன் மேல் ஒட்டிக்கொண்டிருப்பதை வாளால் வெட்டுவதா? வாள் நண்பன் மேல் பட்டால்? இந்த ஒரு விதியை மூன்று வெலாசிராப்டர்களோடு ஆடிப் பாருங்கள். யாரும் மறக்க மாட்டார்கள்.

வெலாசிராப்டர் ஆள் உயரம் இல்லையாமே? இறகும் இருந்ததாமே? பயமே போய்விடாதா?

உயரத்தில் வான்கோழி அளவு, வாலோடு சேர்த்து நீளம் சுமார் 2 மீட்டர். முன்கை எலும்பில் இறகு பதிந்திருந்த முடிச்சுகள் இருப்பதை 2007-இல் காட்டிவிட்டார்கள். எனவே இறகு விஷயத்தில் சந்தேகமே இல்லை. பெரிய உருவம்தான் வேண்டுமென்றால் அதே குடும்பத்தில் 5 மீட்டருக்கு மேல் நீண்ட யூட்டாராப்டர் இருக்கிறது.

பயம் போகாது. ஒரு கழுகை ஒரு கை தூரத்தில் பார்த்தவர்களைக் கேளுங்கள். சிமிட்டாத கண், தலையை வெடுக்கென்று திருப்பும் விதம், காலை ஊன்றி இரையை அமுக்கும் நிதானம். பல்லியின் தோலை விட இறகுக்குள்தான் எனக்கு அதிகப் பயம் தெரிகிறது. இறகு வர்ணனைக்கும் தீனி போடும். சீனாவில் 1996-இல் அறியப்பட்ட சைனோசாரோப்டெரிக்ஸ் செம்பழுப்பு நிறம், வாலில் வெள்ளைப் பட்டை என்று நிறமிகளின் தடயத்தை வைத்து 2010-இல் சொன்னார்கள். புதருக்கு மேலே பட்டை போட்ட வால்கள் மட்டும் அசைகின்றன என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

டைரனோசாரஸ் இல்லாமல் என் குழு ஒத்துக்கொள்ளாது. அதை எப்படிப் புதிதாக்குவது?

மூக்கிலிருந்து தொடங்குங்கள். மூளையில் மோப்பத்துக்கான பகுதி அதற்கு மிகப் பெரியது. கண்கள் முன்பக்கம் பார்த்தவை, தூரத்தைத் துல்லியமாக அளந்தவை. அசையாமல் நின்றால் அதற்குத் தெரியாது என்பது கட்டுக்கதை. யாராவது ஒரு வீரர் அதை நம்பிச் சிலையாக நின்றால், அது குனிந்து மூச்சை இழுத்து முகர்வதை மெதுவாக வர்ணியுங்கள். பகடையே தேவைப்படாது.

அடுத்து, கடி. 35,000 நியூட்டன், அதற்கும் மேலே என்றெல்லாம் கணக்கிட்டிருக்கிறார்கள். சதையைக் கிழிப்பதோடு நிற்காமல் எலும்பை நொறுக்கி விழுங்கிய விலங்கு இது. அதன் சாணப் படிமத்திலேயே எலும்புத் துணுக்குகள் இருக்கின்றன. எனவே அதன் கடிக்குச் சேத எண்ணை ஏற்றிக்கொண்டே போவதைவிட, கவசத்தை உடைக்கும் சக்தியைக் கொடுங்கள். ஒவ்வொரு கடிக்கும் கேடயமோ மார்புக்கவசமோ ஒன்று நசுங்கும். உயிர்ப்புள்ளி குறைவதை விட, ஆசை ஆசையாகச் சேர்த்த கவசம் நசுங்குவதுதான் ஆடுபவர்களுக்கு வலிக்கும்.

வேகத்தைக் குறையுங்கள். சுமார் 8 டன் உடம்பு குதிரை போல ஓட முடியாது. வேகநடை போடும் மரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஓடித் தப்பலாம், ஆனால் அது மோப்பத்தைப் பிடித்து இரவெல்லாம் பின்னால் வரும்.

டைனோசர்களை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். டைனோசர் என்பது மிகப் பெரிய புத்தகத்தின் ஒரு அத்தியாயம் மட்டுமே. மற்ற அத்தியாயங்களை உங்கள் குழு படித்திருக்காது. அதனால் அங்கேதான் புதையல்.

கனடாவின் பர்ஜஸ் ஷேல் பாறைகளில் கிடைத்த ஒபாபினியாவை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 50 கோடி ஆண்டுக்கு முந்தைய கடல்வாசி, விரல் நீளம்தான். ஆனால் ஐந்து கண்கள், முன்னால் வளையும் தும்பிக்கை, தும்பிக்கை நுனியில் கிடுக்கி. அதன் சரியான வடிவத்தை முதன்முதலில் ஒரு கூட்டத்தில் படமாகக் காட்டியபோது விஞ்ஞானிகளே வாய்விட்டுச் சிரித்தார்களாம். அதை மாடு அளவுக்குப் பெரிதாக்கி, இருண்ட குகை ஏரியில் விடுங்கள். விதி: ஐந்து கண் இருப்பதால் இதைப் பின்னாலிருந்து ஏமாற்றித் தாக்க முடியாது. திருட்டுத்தனத்தையே நம்பி வாழும் வீரருக்கு அது ஒரு மோசமான இரவு.

அதே பாறையில் கிடைத்த ஹாலுசிஜீனியா இன்னும் விசேஷம். 1977-இல் அதைத் தலைகீழாக வரைந்தார்கள். முதுகு முள்ளைக் கால் என்று நினைத்துவிட்டார்கள். எது தலை, எது வால் என்பது 2015-இல்தான் சரியாகத் தீர்ந்தது. இப்படி ஒரு விலங்கை அறிஞர்கள் குழம்பிய அதே குழப்பத்தோடு விளையாட்டில் விடலாம். வீரர்கள் தலை என்று நினைத்து வெட்டுவது வாலாக இருக்கட்டும்.

தரைக்கு வந்தால் ஆர்த்ரோப்ளூரா. நம் மரவட்டையின் உறவுதான், நீளம் மட்டும் இரண்டரை மீட்டர். இங்கிலாந்தின் நார்தம்பர்லேண்ட் கடற்கரையில் உடைந்து விழுந்த பாறையில் 2018-இல் அதன் பெரிய துண்டு ஒன்று கிடைத்தது. உடல் எடை 50 கிலோ வரை இருக்கலாம் என்று கணித்தார்கள். இது சண்டைக்கான மிருகம் இல்லை. காட்டுப் பாதையில் ஒரு ஆள் நீளத்துக்கும் மேலாக மரவட்டை ஒன்று சருகைத் தின்றபடி வழியை அடைத்துக்கொண்டு ஊர்கிறது. ஆயிரம் இலைகளை யாரோ மெல்ல மிதிப்பது போலச் சத்தம். அதைத் தாண்ட வேண்டும், அவ்வளவே. தொட்டால் சுருளும், சுருண்டால் பாதை முழுக்க அடைபடும்.

ஹெலிகோப்ரியன் என்ற மீனின் கீழ்த்தாடையில் பற்கள் சுருளாக, ரம்பச் சக்கரம் போல அடுக்கியிருந்தன. 1899-இல் பெயர் வைத்த பிறகு, அந்தச் சுருள் மூக்கிலா, முதுகிலா, வாலிலா என்று நூறு வருடத்துக்கும் மேலாகக் குழம்பி, 2013-இல் ஸ்கேன் எடுத்துத்தான் இடத்தை உறுதி செய்தார்கள். பாம்புதான் வேண்டுமென்றால் கொலம்பியாவின் 13 மீட்டர் டைட்டனோபோவாவும், 2024-இல் குஜராத்தின் கட்ச் பகுதியிலிருந்து அறிவிக்கப்பட்ட வாசுகி இண்டிகஸும் இருக்கின்றன. பிந்தையதற்கு 11 முதல் 15 மீட்டர் வரை கணிப்பு. பாற்கடல் கடைந்த வாசுகியின் பெயரையே வைத்துவிட்டார்கள்; கதைக்கான பாதி வேலையை விஞ்ஞானிகளே முடித்துவிட்டார்கள்.

எண்களை எப்படிப் போடுவது? ஒரு விலங்கை முழுதாகச் செய்து காட்ட முடியுமா?

செய்யலாம். டங்கிலியோஸ்டியஸ். சுமார் 36 கோடி ஆண்டுக்கு முன் வாழ்ந்த மீன். தலையும் தோளும் தடித்த எலும்புத் தகடுகளால் மூடியவை. பல் கிடையாது, தாடை எலும்பே கத்தி போல, மேலும் கீழும் உரசித் தானாகக் கூராகிக்கொண்டது. வாயைத் திறக்க அதற்கு ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவு வேகமாகத் திறந்தால் தண்ணீர் உள்ளே பாயும், இரையும் கூடவே போகும்.

நமக்கு வேண்டிய உண்மை அந்த உறிஞ்சல்தான். விதி: தண்ணீரில் இதற்கு 3 மீட்டருக்குள் இருக்கும் எல்லோரும் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் பலத்துக்கான பகடை உருட்ட வேண்டும். தோற்றவர் வாய்ப் பக்கம் இழுபடுவார். எதையாவது பிடித்துக்கொண்டிருந்தால் உருட்டத் தேவையில்லை. ஆனால் பிடித்த கையால் ஆயுதம் வீச முடியாது.

கவசம் முன்பாதிக்கு மட்டும். முன்னாலிருந்து அடித்தால் கவச எண் 18, பின்னாலிருந்து 12. இதை நான் வாயால் சொல்லிக் கொடுப்பதில்லை. சண்டைக்கு ஒரு அறை முன்பாக, தண்ணீர் ஓரத்தில் செத்துக் கிடக்கும் ஒன்றைக் காட்டுவேன்: முன்பாதி ஓடு கல் போல முழுதாக இருக்கிறது, பின்பாதியைச் சின்ன மீன்கள் தின்று தீர்த்துவிட்டன. இது நான் ஜோடித்தது இல்லை. நிஜப் படிமங்களிலும் முன்பக்கத் தகடுகள்தான் மிஞ்சியிருக்கின்றன. பின்னுடல் கிடைக்காததால்தான் நீளத்தைப் பற்றி இவ்வளவு சண்டை. ஒரு காலத்தில் 8, 9 மீட்டர் என்றார்கள். 2023-இல் வந்த மறுகணக்கு அதை அதிகபட்சம் சுமார் 4 மீட்டர் என்று குறைத்தது.

இப்போது உயிர்ப்புள்ளி. உங்கள் குழுவில் நான்கு பேர். பகடையில் 9 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி படும் என்றால் வாய்ப்பு 60 சதவீதம். ஒரு அடிக்குச் சராசரி 8 சேதம். ஒரு சுற்றுக்கு 4 × 0.6 × 8, ஏறக்குறைய 19. மூன்று சுற்று தாங்க வேண்டுமென்றால் 57, முழு எண்ணாக 60. ஆனால் நான் 90 கொடுப்பேன். 30 மிச்சம் இருக்கும்போது அது ஓடிவிடும். ஏன் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன். சில விளையாட்டுகளில் அடி படும் வாய்ப்பும் சேதமும் வேறு மாதிரி இருக்கும். கணக்குப் போடும் முறை இதேதான்.

மிருகம் ஏன் ஓட வேண்டும்? சாகும்வரை சண்டை போட்டால் என்ன?

விலங்குக்கு வெற்றி என்று ஒன்று கிடையாது. காயம்பட்ட வேட்டை விலங்கால் அடுத்த வேளை வேட்டையாட முடியாது, வேட்டையாடாவிட்டால் பட்டினி. அதனால் எளிதில் கிடைக்காத இரையை அது விட்டுவிடும். இரையும் தப்பும்: எட்மோன்டோசாரஸ் என்ற தாவர உண்ணி டைனோசர் ஒன்றின் வால் எலும்புக்குள் டைரனோசாரஸ் பல் முறிந்து சிக்கி, அதைச் சுற்றி எலும்பு ஆறி வளர்ந்திருக்கிறது. கடிபட்டும் பிழைத்து நடமாடியிருக்கிறது.

சாகும்வரை நின்று சண்டையிடும் மிருகம், மிருகத் தோல் போர்த்திய போர்வீரன். ஓடக்கூடியது என்று தெரிந்தால் ஆடுபவர்கள் அதை விரட்ட யோசிப்பார்கள். தீ, சத்தம், தூக்கி எறிந்த இறைச்சி என்று வாளைத் தவிர வேறு வழிகள் மேசைக்கு வரும். குட்டியோ முட்டையோ பக்கத்தில் இருந்தால் மட்டும் இந்த விதியைத் தூக்கி எறியுங்கள். அப்போது அது ஓடாது. ஏன் ஓடவில்லை என்று குழுவில் ஒருவர் கேட்கும் நொடி அருமையானது.

தாவர உண்ணிகளை என்ன செய்வது? சும்மா நிற்குமா?

காண்டாமிருகமும் நீர்யானையும் தாவர உண்ணிகள்தான்!

என் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். தெரிசினோசாரஸ் என்று ஒரு விலங்கு. மங்கோலியாவில் முதலில் கிடைத்தவற்றில் முக்கியமானவை அதன் நகங்கள், அரை மீட்டருக்கு மேல் நீளம். முதலில் அதை ஆமை இனம் என்றே நினைத்தார்கள். நான் அதை இரவில் அறிமுகப்படுத்தினேன். நிலா வெளிச்சத்தில் மரத்தை விட உயரமாக ஒரு நிழல். மூன்று மூன்று அரிவாள்கள் மேலே எழுந்து, கிளையைக் கொக்கி போட்டு மெல்லக் கீழே இழுக்கின்றன. நகங்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். குழு ஒரே குரலில் தாக்குகிறோம் என்றது. முதல் அம்பு பட்டதும் அது அலறியது. அலறல் ஆட்டின் குரல் போல இருந்தது என்றேன். வாய் நிறைய இலை. அம்பு விட்டவர் பகடையைக் கீழே வைத்துவிட்டார். அது இலைதானே தின்றுகொண்டிருந்தது என்று மெதுவாகச் சொன்னார். ஆனால் அதற்குள் அது திரும்பிவிட்டது. அரை மீட்டர் நகங்கள் யாருடையதாக இருந்தால் என்ன, வீசினால் வெட்டும். அன்றைக்கு அவர்கள் தப்பினார்கள். அதற்கப்புறம் அந்தக் குழு எந்த மிருகத்தைக் கண்டாலும் முதலில் அது என்ன தின்கிறது என்று கவனிக்க ஆரம்பித்தது.

ஸ்டெகோசாரஸின் வால் முள்ளையும் மறக்காதீர்கள். அலோசாரஸ் என்ற வேட்டை டைனோசரின் முதுகெலும்பு ஒன்றில் அந்த முள் பாய்ந்த அளவில் ஓட்டை இருக்கிறது.

அளவைப் பெரிதாக்கலாமா?

தாராளமாக. ஆனால் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் எடை எட்டு மடங்காகும், எலும்பின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான். கலிலியோ 1638-லேயே எழுதிவைத்த விஷயம். எனவே பெரிதாக்கும்போது காலைத் தடிமனாக்கி, வேகத்தைக் குறைத்து வர்ணியுங்கள். அப்போதுதான் கண்ணுக்கு நம்பும்படி இருக்கும். கடல் விலங்குகளுக்கு இந்தக் கவலை குறைவு, தண்ணீர் தாங்கிக்கொள்ளும்.

மந்திரம் சேர்க்கலாமா? இல்லை, விஞ்ஞானப்படியே வைக்க வேண்டுமா?

சேருங்கள், ஃபேன்டஸிதானே. உடம்பில் ஏற்கெனவே இருப்பதை மந்திரம் நீட்டிக்க வேண்டும் என்பது மட்டும் என் கட்சி. டைனோசர் வாயில் நெருப்பை ஒட்டவைத்தால் அது இன்னொரு டிராகன் ஆகிவிடும், இரண்டு விலங்கும் கெடும்.

பாராசாரோலோஃபஸ் என்ற தாவர உண்ணி டைனோசரின் தலைக்கொண்டைக்குள் மூச்சுக் குழல்கள் மடிந்து மடிந்து ஓடுகின்றன. அடிவயிற்றில் அதிரும் தாழ்ந்த ஒலியை அது எழுப்பியிருக்க வேண்டும். அந்த ஒலிக்கு மந்திரம் கொடுங்கள்: கேட்டவர்கள் எல்லோரும் ஒரே கனவைக் காண்கிறார்கள், அல்லது புதைந்தவர்கள் விழிக்கிறார்கள். சீனாவில் கிடைத்து 2015-இல் பெயரிடப்பட்ட யீ சீ என்பதற்கு வௌவால் போன்ற சவ்வு இறக்கை, கூடவே இறகும். புறா அளவு. தோள் மேல் உட்காரும் குட்டி டிராகன் கேட்கும் மந்திரவாதிக்கு இதைவிட அழகாக எதைக் கொடுப்பீர்கள்? எலாஸ்மோதீரியம் என்ற மாபெரும் காண்டாமிருகம் சுமார் 39,000 ஆண்டுகளுக்கு முன்வரை இருந்தது. அதன் நெற்றியில் பெரிய புடைப்பு உண்டு, கொம்பு மட்டும் இதுவரை கிடைக்கவில்லை. ஒற்றைக்கொம்புக் குதிரை என்று எல்லோரும் சொல்லும் விலங்கு உண்மையில் இதுதான் என்று உங்கள் உலகத்தில் வையுங்கள். வெள்ளைக் குதிரையைத் தேடிப் போனவர்கள் முன்னால் மூன்று டன்னுக்கு மேலான ரோமமலை நிற்கும்.

வேறு வேறு காலத்து விலங்குகளைக் கலக்கலாமா?

கலக்கலாம். எல்லோரும் கலந்துதான் வைத்திருக்கிறார்கள். ஸ்டெகோசாரஸுக்கும் டைரனோசாரஸுக்கும் நடுவே சுமார் 8 கோடி ஆண்டு இடைவெளி; டைரனோசாரஸுக்கும் நமக்கும் 6.6 கோடிதான். முதுகில் பாய்மரம் விரித்த டைமெட்ரோடான் டைனோசரே இல்லை. டைனோசர்கள் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டு முன்பே அது அழிந்துவிட்டது, பாலூட்டிகளுக்கு நெருங்கிய சொந்தம். நான் காலத்தை இடமாக மாற்றிவிடுவேன். சதுப்புக் காடு முழுக்கப் பூச்சி யுகம், வடக்குப் பனிநிலத்தில் மாமூத்தும் வாள்பல் பூனையும், ஆழ்கடலில் தகட்டு மீன்கள். ஒரு மலையைக் கடந்தால் பத்துக் கோடி ஆண்டைக் கடந்தது போல இருக்கும்.

ஒரு காட்டில் எத்தனை வேட்டை விலங்கு வைப்பது?

நீங்கள் நினைப்பதில் பாதிக்கும் கீழே. பெரிய வேட்டை விலங்கு ஒன்று பிழைக்க எத்தனையோ மடங்கு இரை வேண்டும். வீரர்கள் பத்து முறை சாதுவான மந்தையைப் பார்த்தால்தான், ஒரு நாள் அந்த மந்தை காணாமல் போகும்போது வயிறு கலங்கும்.

இதை வேண்டுமென்றே மீற நல்ல இடம் ஒன்று உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸின் லா பிரேயா தார்க் குட்டைகளில் கிடைத்த பாலூட்டிப் படிமங்களில் சுமார் 90 சதவீதம் ஊனுண்ணிகள். தாரில் மாட்டிய ஒரு விலங்கின் ஓலம் கேட்டு வந்த ஓநாய்களும் ஸ்மைலோடான் என்ற வாள்பல் பூனைகளும் தாமும் மாட்டி, அவற்றைத் தின்ன வந்தவையும் மாட்டி, ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டன. இதைவிட நல்ல சண்டைக்களம் எனக்குத் தெரியாது. மேலே இலையும் தூசியும் மூடி, தரை போலத் தெரியும் கரிய குட்டை. நடுவில் கழுத்தளவு புதைந்த ஒரு விலங்கு கத்துகிறது. யார் யாரெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்?

அங்கே ஸ்மைலோடானை வைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வாள்பற்கள் வேரோடு சேர்த்து 28 சென்டிமீட்டர் வரை போகும், ஆனால் பக்கவாட்டில் இழுத்தால் முறியும். கடியின் பலமும் சிங்கத்தை விடக் குறைவு. எனவே அது முதலில் முன்கால்களால் அமுக்கும், கீழே விழுந்தவரைத்தான் கடிக்கும். நிற்கும் ஆளைக் கடிக்கவே கடிக்காது என்று விதி எழுதுங்கள். விழாமல் நிற்பதற்காக ஆடுபவர்கள் படும் பாடு போதும்.

பெயர் என்ன வைப்பது? லத்தீன் பெயர் சொன்னால் மூடு போய்விடுகிறது.

ஆமாம், போய்விடும். உங்கள் உலகத்தில் ஒரு இடையன் அதைப் பார்த்தால் என்ன என்று கத்துவான்? அதுதான் பெயர். தமிழில் இதற்கு வழி கைவசம் இருக்கிறது: மரங்கொத்தி, மீன்கொத்தி, எறும்புதின்னி. செய்யும் வேலையே பெயர். அதே அச்சில் வார்த்தால் டைரனோசாரஸ் எலும்புநொறுக்கி, தெரிசினோசாரஸ் கிளைவாரி, பாராசாரோலோஃபஸ் கொம்பூதி. ஒபாபினியாவுக்கு ஐங்கண்ணி என்று வைத்தேன். ஆர்த்ரோப்ளூரா தேர்வட்டை. பெயர் வைத்த பிறகு குணம் தானாகத் துலங்கும்; கொம்பூதி என்ற பெயரைக் கேட்ட உடனே, அது எப்போது ஊதும் என்று ஒருவர் கேட்பார்.

யாளி, சரபம், மகரம் போன்ற பழம்பெயர்களை எடுப்பதில் நான் நிதானமாக இருப்பேன். அவற்றுக்கென்று ஏற்கெனவே உருவம் உண்டு. ஸ்மைலோடானுக்கு யாளி என்று பெயர் வைத்தால், தும்பிக்கை எங்கே என்று கேட்பார்கள்.

பறக்கும் விலங்கின் மேல் சவாரி செய்யலாமா?

டெக்சாஸில் 1971-இல் எலும்பு கிடைத்த குவெட்சால்கோட்லஸை எல்லோரும் கேட்கிறார்கள். சிறகு விரித்தால் 10 மீட்டருக்கு மேல், நின்றால் ஒட்டகச்சிவிங்கி உயரம். எடையோ 200 முதல் 250 கிலோதான் என்று பலர் கணிக்கிறார்கள். ஆள் ஏறினால் அதற்குப் பெரும் பாரம். ஆகவே நான் விலை வைக்கிறேன்: எடை குறைந்தவர் மட்டும் ஏறலாம், கவசம் கூடாது, ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறை மேலெழும்பும். எழும்பும் விதமும் ருசியானது. முன்கால்களால் தரையை உந்தி, நான்கு காலிலும் துள்ளித்தான் ஏறியிருக்க வேண்டும். அந்த முதல் துள்ளலுக்கு, பிடியை விடாமலிருக்க ஒரு பகடை. தரையில் அது நாரையைப் போல நடந்து சின்ன விலங்குகளைக் கொத்தி விழுங்கியது. குட்டையான பாத்திரம் ஆடுபவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படங்களை எங்கிருந்தாவது எடுத்துப் பயன்படுத்தலாமா?

உங்கள் வீட்டு மேசைக்கு என்றால் பெரிதாகக் கவலை வேண்டாம். வெளியிடப் போகிறீர்கள் என்றால் விலங்கு யாருக்கும் சொந்தமில்லை, அதன் ஓவியம் வரைந்தவருக்குச் சொந்தம். சினிமாக்காரர்கள் தாங்களாகச் சேர்த்த உருவமும் குணமும் அவர்களுடையவை. எலும்பைப் பார்த்து நீங்களே வரையுங்கள், அல்லது ஓவியரிடம் கேட்டு வாங்குங்கள்.

நான் உருவாக்கிய பிறகு புதிய ஆய்வு வந்து எல்லாம் தவறு என்றால்?

வரும், கட்டாயம் வரும். 1915-இல் விவரிக்கப்பட்ட ஸ்பைனோசாரஸ் என்ற டைனோசரின் எலும்புகள் 1944-இல் மியூனிக் குண்டுவீச்சில் அழிந்தன. அப்புறம் மொராக்கோவில் புதிய எலும்புகள் கிடைத்து, 2020-இல் துடுப்பு போன்ற வாலோடு அது வேறு விலங்காகவே வந்து நின்றது. நீருக்கடியில் நீந்தி வேட்டையாடியதா, கரையில் நின்று மீன் பிடித்ததா என்று இன்னும் விவாதம் ஓடுகிறது.

நான் பழையதை அழிப்பதில்லை. என் உலகத்தில் ஒரு கிழட்டு அறிஞர் இருக்கிறார்; அவருடைய விலங்கு நூலில் எல்லாமே பழைய கணிப்புதான். டங்கிலியோஸ்டியஸ் பத்து மீட்டர், ஹாலுசிஜீனியா முள்ளில் நடக்கும். வீரர்கள் அவரிடம் காசு கொடுத்துத் தகவல் வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். திரும்பி வரும்போது எது தவறு என்று அவரிடம் சொன்னால், அவர் கோபப்பட மாட்டார். மைப்புட்டியைத் திறந்து, அந்த வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் அவர்கள் பெயரைப் போட்டுத் திருத்தி எழுதுவார்.